கைதட்டு யாருக்கு?

"ஞாயித்துக்கிழமை இங்க கறி சுடப்போறது நான்தான்!"

"தாராளமா சுடுங்க டாக்டர். ஆம்புலன்ஸுக்கும் சொல்லிடுங்க!"

அம்மா வரைந்து கட்டிய கிளப் ஹவுஸில் இன்னும் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. இருந்த ஒரே அடுப்பின் முன்னால் டாக்டர் பசுவால்தோவும் எவரிஸ்தோவும் ஆளுக்கொரு இடுக்கியோடு மல்லுக்கு நின்றார்கள்.

எங்கள் பிலார் ஊர்ப் பக்கம் நீச்சல் குளம் இல்லாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். கறி சுட்டவருக்கு மேஜையில் கைதட்டல் கிடைக்காவிட்டால் மன்னிக்கவே மாட்டார்கள்.

குடியிருப்புக் கமிட்டியில் இருக்கும் ஆறு வீடுகளின் சொந்தக்காரர்களும் கையெழுத்துப் போட்டால்தான் அம்மாவுக்கு அடுத்த வேலை. இல்லையென்றால் நாங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு ரொசாரியோவில் மாமாவிடம் போய் நிற்க வேண்டும்.

"இன்னொரு அடுப்பு போட்டுடறேன்," என்றாள் அம்மா.

போட்டாள். மூன்றாவது ஆள் வந்தார். "அப்ப நான் என்ன, வேடிக்கை பார்க்கவா ஆர்க்கி?" ஆர்கிடெக்ட் என்று முழுசாகச் சொல்ல அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது.

பில்லியர்ட்ஸ் அறை போய் இரண்டு அடுப்பு வந்தது. சாப்பாட்டு மேஜை பாதியாகி இன்னும் இரண்டு.

திறப்பு விழா அன்று ஆறு ஆண்களும் முதுகைக் காட்டியபடி சுட்டார்கள். அவர்கள் மனைவிமார் குளத்தோரம் சீட்டாடினார்கள். மேஜையில் நானும் அம்மாவும் மட்டும். எதிரே மலைபோல மாட்டு விலாக்கறி.

ஆறு இடுக்கிகளும் எங்கள் பக்கம் திரும்பின. "சொல்லுங்க ஆர்க்கி, கைதட்டு யாருக்கு?"

மேஜைக்கடியில் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"எ... எல்லாருக்கும்!" என்று தட்டினாள். நானும் தட்டினேன்.

"எல்லாருக்கும்னா யாருக்கும் இல்லைன்னு அர்த்தம்!" டாக்டர் ஏப்ரனைக் கழற்றி எறிந்தார். "என் கையெழுத்து கிடையாது!"

"என்னுதும்!" முதல்முறையாக ஆறு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய், விறுவிறுவென்று வெளியேறினார்கள்.

அம்மா அழவில்லை. கொழுப்பை ஒதுக்கிவிட்டு எனக்குக் கறி நறுக்கினாள். "சாப்பிடு கண்ணு. ரொசாரியோவுலயும் மாடு இருக்கும்."

எவரிஸ்தோவின் மனைவி தெல்மிரா சீட்டுக்கட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்டுல இவர் சுட்டா, சாலட் நானு, பாத்திரம் நானு, கைதட்டும் நானு. இன்னிக்குத்தான்மா நிம்மதியா சீட்டாடினோம். பேனா இருக்கா?"

"அவங்கதான் போடமாட்டேன்னு போயிட்டாங்களே..."

"அவங்க எதுக்கு? கடன்காரங்களுக்குப் பயந்து ஆறு வீட்டையும் எங்க பேர்லதானே எழுதி வச்சிருக்காங்க!"