மூணு அடிக் குழிக்கு வந்த ரிக் வண்டி

திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு உலகத்தில் ஒரே ஓர் அளவுதான் உண்டு. ஆழம். ஊருக்குள் நுழைந்தாலே வரிசைகட்டி நிற்பவை போர்வெல் போடும் லாரிகள். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட "உங்க காட்டுல எத்தனை அடியிலீங்க தண்ணி?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அப்பா முதலில் விசாரித்தது மாப்பிள்ளையின் சம்பளத்தை அல்ல, அவர்கள் வீட்டு போர் எத்தனை அடி என்பதை. (சம்பளம் ஞாபகம் வந்தது அவர்கள் கை நனைத்த பிறகு.)

இப்படி வளர்ந்தவள் சேலம் மாநகருக்கு வாழ்க்கைப்பட்டேன். என் மாமியார் மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அலுவலகத்திலிருந்துதான், அதிகாரத்திலிருந்து அல்ல. நடைப்பயிற்சித் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு எங்கள் தெருவுக்கென்று ஒரு பசுமைக் குழு ஆரம்பித்திருந்தார். தெருவில் நிழல் என்றால் அது மின்கம்பத்தின் நிழல் மட்டும்தான். மாநகராட்சி வாசல்களில் ஏறி இறங்கி, புங்கன் கன்றுகளும் கம்பிக் கூண்டுகளும் லாரித் தண்ணீரும் வாங்கிவிட்டார். ஒரே நிபந்தனை, ஞாயிற்றுக்கிழமை கவுன்சிலர் வரும்போது குழி தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாமே அடுத்த தெருவுக்குப் போய்விடும். அடுத்த தெருக் குழுவின் தலைவி மாமியாரின் பழைய அலுவலகத் தோழி. (தோழி என்பது மரியாதைக்குச் சொல்வது.)

சனிக்கிழமை தோண்ட ஆரம்பித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரு சாண் மண்ணுக்குக் கீழே முழுப் பாறை. கடப்பாறையை ஓங்கிப் போட்டால் அது துள்ளித் திரும்பி, போட்டவரையே முறைத்தது. சாயங்காலம் வரை குத்தியும் ஒரு குழிகூடத் தேறவில்லை. மாமியார் வந்து உட்கார்ந்துவிட்டார். வைத்த காபி ஆடை படிந்து கிடந்தது.

எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவர் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார், ஆனால் ஒரு வேலையையும் நம்பிக் கொடுத்ததில்லை. ரசத்துக்கு நான் உப்புப் போட்டால்கூட அவரும் ஒரு தடவை வந்து பார்ப்பார். நல்ல பெயர் வாங்க இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் வராது என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"குழிக்கா கவலைப்படறீங்க அத்தை? எங்க ஊர்ல அரை மணி நேர வேலை. நான் பாத்துக்கறேன்."

அவர் முதல் தடவையாக என்னை முழுசாக நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் மலையையே குடைந்திருப்பேன். அண்ணனுக்கு போன் போட்டேன். அண்ணனிடம் சொந்தமாக, பாறையைத் துளைத்து போர் போடும் ரிக் வண்டி இருந்தது.

"எத்தனை அடி புள்ள?"

"மூணு."

"முந்நூறா?"

"மூணுண்ணா. மரம் வெக்கறதுக்கு."

"வண்டிய நிமுத்தி நிறுத்தறதுக்குள்ள மூணு அடி போயிருமே கண்ணு," என்றான். ஆனாலும் தங்கச்சி வாய் திறந்து கேட்டுவிட்டாள், அதுவும் அவள் புதுசாக வாழப் போன இடம். "செரி, காலைல வாரேன்."

காலையில் ரிக் லாரியும் அதற்குத் துணையாகக் கம்ப்ரஸர் லாரியும் தெருவுக்குள் நுழைந்தன. அதற்குப் பிறகு ஒரு சைக்கிள்கூட உள்ளே வர வழியில்லை. கவுன்சிலர் முனையிலேயே காரை விட்டுவிட்டு நடந்து வந்தார். ரிக்கைப் பார்த்த ஜனம் மரத்தை மறந்துவிட்டது. தெருவுக்கு போர் போடுகிறார்கள் என்று நினைத்து ஆளாளுக்குக் குடத்தோடு வந்து வரிசையில் நின்றார்கள். ஒருவர் ஓடிப்போய் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் கொண்டுவந்தார். வண்டிக்குப் பூஜை போடாமல் எப்படி என்று அண்ணனும் ஏற்றிவிட்டான். கவுன்சிலரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு ரிக் ஓடியது. ஓடியது என்று சொல்லலாமா தெரியவில்லை, தெருவே அதிர்ந்தது. வெள்ளைப் பாறைத்தூள் புகையாகக் கிளம்பி எல்லோரையும் மூடியது. மாமியாரின் பச்சைப் பட்டுப்புடவை, வருகிறவர்களுக்காக வாசலில் அடுக்கியிருந்த இட்லி, கவுன்சிலர் அன்று காலைதான் கருகருவென்று மை பூசியிருந்த மீசை, எல்லாம் ஒரே நிறம். புழுதி அடங்கியபோது கவுன்சிலருக்குப் பதிலாக அவருடைய அப்பா நின்றுகொண்டிருந்தார்.

அண்ணன் பெருமையோடு கையைக் காட்டினான். பாறையில் அச்சுப் பிசகாமல் வட்டமாக ஒரு துளை. "ஆபரேட்டர் கைப்பழக்கம் அத்தை, ஒரு ராடு முழுசா எறக்கிட்டாப்ல. ஆழம் இருவதடி இருக்கும்," என்றான்.

மாமியார் குனிந்து பார்த்தார். ஒரு சாண்கூட அகலமில்லை. "இதுல மரத்த வெக்கறதா, வெளக்குமாத்துக் குச்சிய வெக்கறதா?" என்று என்னைக் கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், குழிக்கு அகலம் என்று ஒன்று உண்டு என்பதே அந்த நிமிஷம்தான் என் மண்டையில் ஏறியது. எங்கள் ஊரில் யாரும் அதைக் கேட்டதே இல்லை.

கம்ப்ரஸர் சத்தத்தில் காது அடைத்துப்போன கவுன்சிலருக்கு இந்தப் பேச்சு எதுவும் கேட்கவில்லை. யாரோ பழக்கதோஷத்தில் கன்றை அவர் கையில் கொடுத்தார்கள். போட்டோக்காரரும் தயாரானார். அவர் சிரித்த முகமாகக் கன்றைத் துளையில் இறக்கிக் கையை எடுத்தார். கன்று இலையோடு, மண்கட்டியோடு, சர்ரென்று உள்ளே போய்விட்டது. கொஞ்சம் பொறுத்து அடியிலிருந்து 'தொப்' என்று கேட்டது.

கவுன்சிலர் தன் வெறுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்றும் போச்சு, கூண்டும் போச்சு, கையோடு நானும் இருபதடி ஆழத்துக்குப் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று நின்றேன்.

மாமியார் புடவைத் தூசியைத் தட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அது தண்ணி பாக்கப் போயிருக்குதுங்க. வர நேரமாகும். நீங்க அடுத்தத வைங்க."

முதலில் சிரித்தது கவுன்சிலர்தான். பிறகு குடத்தோடு நின்ற ஜனம் மொத்தமும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் அண்ணனுக்கும் புத்தி வந்தது. "இதையே ஆழமில்லாம, பக்கம் பக்கமா நாலு போட்டா பாற பேந்துக்குமுங்க. அப்பறம் கடப்பாறையே போதும்," என்றான். முதல் துளையைப் பாறைத்தூளைக் கொட்டி உடனே இறுக்கி மூடினார்கள். அதுவரை மாமியார் அதன் மேல் இட்லிக் குண்டாவைக் கவிழ்த்துப் பக்கத்திலேயே காவல் நின்றார். பிறகு ரிக் துளை போட, தெரு ஆட்கள் கடப்பாறையால் நெம்ப, குழி குழியாக விழுந்தது. மத்தியானத்துக்குள் அத்தனை புங்கனும் நட்டாயிற்று. காலிக் குடத்தோடு வந்தவர்கள் வீட்டுக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்து ஊற்றினார்கள். நானும் ஊற்றினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

அந்தப் புங்கன்கள் இன்று மாடி உயரம். நிழலில் வண்டி நிறுத்தத்தான் தெருவில் சண்டையே. ஆனால் வளர்ந்தது மரம் மட்டுமல்ல, எங்கள் வீட்டில் மாமியாரின் அந்த வார்த்தையும்தான். என் கணவர் வேலை முடிந்து நேரத்துக்கு வராவிட்டால், தண்ணி பார்க்கப் போயிருக்கிறார். காஸ் சிலிண்டர் வரவில்லையா, தண்ணி பார்க்கப் போயிருக்கிறது. துவைத்த சாக்ஸில் ஒன்று காணவில்லையா, அதுவும்தான்.

போன மாதம் என் மகளின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. வீட்டுப்பாட நோட்டு எங்கே என்று டீச்சர் கேட்டதற்கு, வகுப்பே கேட்கும்படி, "அது தண்ணி பாக்கப் போயிருக்குதுங்க மிஸ்," என்று சொல்லியிருக்கிறாள். இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவரே வந்து டீச்சருக்கு விளக்கட்டும் என்று நான் முடிவு செய்தேன். மறுநாள் காலையில் கிளம்பும் நேரத்துக்கு மாமியாரைத் தேடினால் கூடத்தில் இல்லை, மாடியில் இல்லை, தெருவிலும் ஆளைக் காணோம். செருப்பையும் காணோம்.

"அப்பத்தா எங்க போச்சு?" என்று மகளைக் கேட்டேன்.

அவள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், எங்கே போயிருக்கிறார் என்று சொன்னாள்.