சங்கீதாவின் குண்டாவில் ரத்தம்

கொல்லிமலைக்குச் சித்தர் வந்துவிட்டார். குகைக்குள்ளிருந்து அல்ல, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து, வேனில். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஜன்னல் வழியே வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார் என்று பின்னால் வந்த லாரிக்காரர் சொன்னார். காற்றில் நடக்கத் தெரிந்தவர் ஏன் வளைவு வளைவாகத் தவிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

'பாத்திரச் சித்தர் ரமேஷ்குமார் சுவாமிகள் அருளும் ஏழு கன்னிமார் தோஷ நிவாரண எவர்சில்வர் செட்' என்று வேன் மேலிருந்த ஒலிபெருக்கி தேவனூர் நாட்டு ஊர்கள் முழுக்க அலறியது. செட்டில் ஏழு பாத்திரம். ஒவ்வொன்றின் அடியிலும் ஏழு அடுக்கு. அடுக்குக்கு ஒரு கன்னி குடியிருக்கிறாளாம். அடுப்பில் வைத்தால் அவளுக்குச் சுடாதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் உங்களுக்கும் தோஷம். விலை அதிகமில்லை, ஒரு மூட்டை மிளகு விற்றால் கிடைக்கிற பணம்தான்.

குச்சிக்கிழங்கு பிடுங்கியவர்கள் பாதியில் விட்டுவிட்டுச் சமுதாயக் கூடத்துக்கு ஓடினார்கள். 'வீட்டிலிருந்து ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வரவும், தோஷம் இலவசமாகப் பார்க்கப்படும்' என்பது அறிவிப்பு. இலவசம் என்ற சொல்லுக்கு நம்மிடம் இருக்கிற மரியாதையே தனி.

முதல் வரிசையில் அத்தாயி. அவர் வீட்டுக்கு அது போதாத வருஷம். மிளகுக் கொடி வாடியது, மாடு செத்தது, மகன் சந்தோஷ்குமார் பைக்கிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். கொடிக்கு மருந்து வைக்கவில்லை. மாட்டுக்கு ஊசி போடவில்லை. மகன் வளைவில் போனைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினான். இத்தனை இருந்தும் அத்தாயிக்குக் காரணம் மட்டும் தெரியவில்லை.

சித்தரை வரவேற்க ஆரத்தி கரைக்கும் வேலை மருமகள் சங்கீதாவுக்கு வந்தது. அவள் காரவள்ளிப் பெண். சீர்ப் பாத்திரங்களைக் கடையில் தானே பார்த்துப் பொறுக்கியவள். கையில் தூக்கிக் கனம் பார்த்தாள், அடியைத் தட்டினாள், மூடியைப் பொருத்தினாள், கைப்பிடியை ஆட்டினாள். பாத்திரம் வாங்க வந்தீர்களா, மாப்பிள்ளை பார்க்க வந்தீர்களா என்று கடைக்காரர் சலித்துக்கொண்டாராம். மாப்பிள்ளையை அவள் அவ்வளவு பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தாள். நீர் சிவந்தது. பெண்கள் சித்தருக்குச் சுற்றிப் பொட்டு வைத்துவிட்டுத் தட்டை ஓரமாக வைத்தார்கள்.

சோதனை தொடங்கியது. சித்தர் பக்தர்களின் பாத்திரத்தை வாங்குவார். பூஜை செய்த விபூதியை ஈரத்துணியால் தொட்டு உள்ளே துடைப்பார். மஞ்சள் நீர் ஊற்றுவார். நீர் ரத்தமாகிவிடும். தன் எவர்சில்வர் குண்டாவில் ஊற்றுவார். மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். அதற்கு விபூதி கிடையாது, ஏற்கெனவே உருவேற்றியதாம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அத்தாயி நீட்டிய பால் குண்டாவிலும் ரத்தம். இது யார் கொண்டுவந்த பாத்திரம் என்று சித்தர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மருமகள் சீர் என்றார் அத்தாயி. சித்தர் கண்ணைத் திறந்தார்.

"கொடி வாடுனது, மாடு போனது, எல்லாம் இதுலதான். செட்டு ஊட்டுக்குள்ள வந்து ஒரு மண்டலம் முடியற வரைக்கும் இதைக் கொண்டாந்தவ அங்க இருக்கக் கூடாது."

அத்தாயி யோசிக்கவில்லை. அதற்கு அங்கே யாரும் வரவில்லை. மிளகை விற்றுவிடுவது, மருமகளைச் சாயங்கால பஸ்ஸில் காரவள்ளிக்கு அனுப்பிவிடுவது என்று அங்கேயே முடிவானது. சந்தோஷ்குமார் தன் கைக்கட்டை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மண்டலத்துக்கென்று அனுப்பப்பட்டவள் திரும்பி வருவது எவ்வளவு கஷ்டம் என்று சங்கீதாவுக்குத் தெரியும். அவள் தெருவிலேயே அப்படி இரண்டு பேர் இருந்தார்கள்.

வெளியே பஸ் வந்து ஹாரன் அடித்தது. தன் குண்டாவை எடுக்கக் குனிந்தவள் உள்ளே பார்த்தாள். ஓரமாக இருந்த ஆரத்தித் தட்டைப் பார்த்தாள். இரண்டும் ஒரே சிவப்பு.

அவள் சண்டை போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பணிவாகக் கேட்டாள்.

"ஏனுங்க சாமி, உங்க குண்டாவும் எங்கூட்டுக்கு வரப்போற பாத்திரமுங்க. அதையும் அந்த விபூதி போட்டுத் தொடச்சுக் குடுங்க."

தேவையில்லை என்றார் சித்தர். அப்படிச் சொன்னதுதான் தப்பு. விபூதி வேண்டாம் என்று ஒரு சாமியாரே சொன்னால் பக்தர்களுக்குப் பொறுக்குமா? எங்கள் செட்டுக்கும் போடுங்கள் என்று கூடமே எழுந்து நின்றது. அத்தாயி துணியை விபூதியில் தோய்த்து, சித்தரின் குண்டாவைத் தானே துடைத்து, மஞ்சள் நீரையும் தானே ஊற்றினார். பக்தி முற்றினால் சாமியாரே தடுத்தாலும் நிற்காது.

ஏழு கன்னிமாரும் சேர்ந்து ரத்தம் கக்கினார்கள்.

சித்தர் இந்த இடம் சரியில்லை என்று முனகினார். சங்கீதா அவர் முன்னாலிருந்த எலுமிச்சம்பழத்தை நறுக்கி, ஆரத்தித் தட்டில் பிழிந்தாள். சிவப்பு மஞ்சளாகத் திரும்பியது. தன் குண்டாவில் பிழிந்தாள். அதுவும் திரும்பியது.

"விபூதியில சுண்ணாம்பு கலந்திருக்குதுங்க அத்தை. நாம கல்யாணத்துக்குக் கரைக்கற அதே ஆரத்திதான். எங்கூட்டுத் தோசத்துக்கு அரை எலுமிச்சம்பழம் போதுமுங்க."

அத்தாயி சித்தரின் குண்டாவிலிருந்த நீரைக் கொட்டிவிட்டுத் தூக்கிப் பார்த்தார். அப்பளக் கனம். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. ஏழு அடுக்கு என்ற அடிப்பாகத்தை விரலால் அழுத்தினார்; அது உள்ளே போய் வெளியே வந்தது. வெளியே வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. சித்தர் அதற்குள் காற்றில் நடந்திருந்தார்.

அத்தாயி ஆரத்தித் தட்டோடு ஓடி, வேன் சக்கரத்தில் மிச்சத்தைக் கொட்டினார். பிறகுதான் மருமகள் பக்கம் திரும்பினார்.

"பஸ் போயிருச்சா கண்ணு?"

"போயிருச்சுங்க அத்தை. அடுத்த பஸ் நாளைக்குத்தான். அதுல இவரை அனுப்பலாமுங்களா?" என்று சங்கீதா கணவனைக் காட்டினாள். "அங்க அந்தக் கைக்கட்டை இன்னும் நல்லாப் பாத்துட்டு இருக்கலாம்."

கல்யாணத்துக்குக் கல்யாணம் தன் கையால் சிவக்கக் கரைக்கிற நீரை, அடுத்தவன் கையில் கண்டதும் ரத்தம் என்று கும்பிட்ட ஊர் இது. நம் ஊரும் அதிக தூரத்தில் இல்லை. பாத்திரம் வாங்கும்போது அடியைத் தட்டுகிறோம், மூடியைப் பொருத்துகிறோம், ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறோம். சாமியார் வாய் திறந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறோம். ஒரு குண்டாவுக்குக் கொடுக்கிற சந்தேகத்தை அவருக்கும் கொடுங்கள். யோசிப்பதற்குத் தனியாகச் செட் எதுவும் வாங்க வேண்டியதில்லை.