அம்மிக்குள் எரிமலை

கல்லைக் கண்டால் கையைக் கட்டிக்கொள்ள முடியாத ஓர் இனம் உண்டு. ஒரு பையில் பூதக்கண்ணாடி, மறு பையில் சுத்தியல், வாயில் ஒரே மந்திரம்: "ஒடச்சாத்தான் உள்ள தெரியும்."

மரக்காணம் தட்சணாமூர்த்தி அதில் முதல்தர உருப்படி. சுரங்க ஆய்வில் இருந்து ஓய்வு பெற்றவர். உப்பளத்து ஊரில் கல்லுக்கு எங்கே போவது? சுனாமிக்குப் பிறகு கரையில் கொட்ட வந்த பாறாங்கல் லாரிகளின் பின்னால் ஓடினார். துவைக்கிற கல்லைச் சுரண்டினார். எதைச் சுரண்டினாலும் கதை ஒன்றுதான். ஆதியில் கடலடியில் எரிமலை கக்கியது, குழம்பு உறைந்தது, விரிசலில் புகுந்த கடல்நீர் கொதித்துச் செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்து மேலே கொண்டுவந்து, ஆறியதும் கந்தகத்தோடு சேர்த்துப் படியவிட்டது. கேட்டவர் வீட்டில் பால் பொங்கி வழிந்துவிடும். எரிமலை ஓயாது.

2005 ஆவணியில் மகள் ரேணுகாவுக்குக் கல்யாணம். கிளியனூருக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோதே, வீட்டின் கருங்கல் வாசற்படியை மட்டும் பார்த்துவிட்டு "நல்ல இடம்" என்று திரும்பியவர். அதனால் ரேணுகா சத்தியம் வாங்கியிருந்தாள்: "தாலி ஏறுற வரைக்கும் சுத்தியலத் தொடக்கூடாதுப்பா."

தொடவில்லை.

மணவறை அருகே, மிதிப்பதற்காகச் சம்பந்தியம்மாள் சாமுண்டீஸ்வரி கொண்டுவந்த பச்சை ரேகை ஓடிய அம்மி. வீடியோக்காரர் விளக்கைத் திருப்பியதும் ஓரத்தில் மஞ்சளாக ஒன்று மின்னியது. மஞ்சள் அரைத்த அம்மியில் மஞ்சள் இருக்காதா? இருக்கும். மின்னுமா? பக்கத்திலேயே குழவி வேறு. ஒரே ஒரு தட்டு.

அம்மி இரண்டானது. மேளம் நின்றது.

"எங்க மாமியார் குடுத்ததுங்க. இப்டி பொளந்துட்டீங்களே. டேய் ஜெயப்பிரகாஷு, எந்திரிடா."

மாப்பிள்ளை பாதி எழுந்தான். ரேணுகா அவன் வேட்டி நுனியை விடவில்லை. "அத்தே, எங்கப்பா உங்க ஊட்டுக்கு வராம இருக்கப் போறதில்ல. நான் அங்க இருந்தாத்தான் ஆட்டுக்கல்லாவது மிஞ்சும். அம்மி ரெண்டு பாதி இருக்குது, காலுக்கு ஒண்ணா மிதிச்சுக்கறேன்."

சாமுண்டீஸ்வரி யோசித்தாள். "ஆட்டுக்கல்ல மொதல்ல உள்ள தூக்கி வைக்கணும்" என்றபடி உட்கார்ந்தாள். மேளம் கொட்டியது.

தட்சணாமூர்த்தி அதைக் கேட்டாரா? அம்மி உடைந்த பக்கத்தை முகர்ந்து, "கந்தக வாசனை வருது" என்று யாருமில்லாத பக்கம் பார்த்துச் சொன்னார். பூதக்கண்ணாடியின் மேல் அட்சதை விழுந்தது. தூசி என்று தட்டிவிட்டார்.

சிரிக்காதீர்கள். உண்மையைச் சொல்லுங்கள். இவ்வளவு நேரம் தாலி ஏறியதா என்று தேடினீர்களா, அந்த மஞ்சள் தங்கமா செம்பா என்று தேடினீர்களா? இரண்டாவது என்றால், உங்கள் வீட்டு அம்மியை இன்றைக்கே ஒளித்து வைக்கச் சொல்லுங்கள்.

குழவியையும்.