மூன்று நிமிடத் தாலாட்டுக்காரர்

நம் நடுவில் ஓர் இனம் நடமாடுகிறது. பார்த்தால் சாதாரண மனிதர்கள் மாதிரிதான் இருப்பார்கள். வேலைக்குப் போவார்கள், வருவார்கள், கேட்டால் மணி சொல்வார்கள். ஆனால் பத்தடி தூரத்தில் ஒரு குழந்தை அழுதுவிடட்டும். உடனே கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டு, கைக்கடிகாரத்தை அவிழ்த்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டு, இத்தனை நாளும் இந்த ஒரு அழைப்புக்காகவே காத்திருந்தவர் போல இரண்டு கைகளையும் நீட்டி, "குடுங்க இங்க" என்பார்கள். கொடுக்கலாமா வேண்டாமா என்று பெற்றவள் யோசிப்பதற்குள் குழந்தை கை மாறியிருக்கும்.

நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். டாக்டருக்காகக் காத்திருக்கும் வரிசையில், ஓடுகிற பஸ்ஸில், யாரோ வீட்டுப் பிறந்தநாளில், எங்கும் இவர்கள் உண்டு. ஆண்களில் அதிகம். பெண்களில் கிடையாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

இவர்கள் கைக்குப் போனதும் குழந்தை அழுகையை நிறுத்திவிடும் என்பது உண்மைதான். இடம் மாறி, வாசனை மாறி, மூக்குக்கு நேரே ஒரு மீசை வந்து நின்றால் நீங்களும் நானும்கூட வாயை மூடிக்கொள்ள மாட்டோமா? அந்தத் திகைப்புக்குத்தான் இவர்கள் வெற்றி என்று பேர் வைத்திருக்கிறார்கள். "பாத்தீங்களா? என் கைக்கு வந்தா அழாது. அது என்னமோ அப்படி ஒரு ராசி!" முதல் நிமிடம் இந்தப் பெருமையில் போகும். இரண்டாவது நிமிடம் குழந்தை மீசையை ஆராயும். மூன்றாவது நிமிடம் கீழுதடு லேசாகப் பிதுங்கும். பெற்றவள் கண்ணுக்குக்கூட அது தெரியாது, இவருக்குத் தெரிந்துவிடும். அது அழுகையாக வெடிப்பதற்குள் குழந்தை தாய் மடிக்குத் திரும்பியிருக்கும், கூடவே ஒரு தீர்ப்பும். பசிக்குது. தூக்கம் வருது. வயித்துல காத்து. எதுவும் பொருந்தாவிட்டால் இருக்கவே இருக்கிறது, "அம்மா வேணுமாம்." ஏதோ குழந்தையே இவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொன்ன மாதிரி!

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? பதினெட்டு வருடமாக அந்த இனத்தில் ஒருவரோடு குடித்தனம் நடத்துகிறேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களை வெளியிலிருந்தே பேசி அமைதிப்படுத்துவதில் கெட்டிக்காரர். "பெரியவங்களையே அடக்கிடுறேன், இத்தனூண்டு குழந்தை எனக்கு எம்மாத்திரம்?" என்பது அவருடைய வாதம். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேரும் அவர் மடியை ஒரு தடவைகூட நனைத்ததில்லை. அப்பா மேல் அவ்வளவு மரியாதையாம். மரியாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நனைக்கிற அளவுக்கு நேரம் அவர் கொடுத்ததில்லை. இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும், "ரெண்டையும் நான்தான் தோள்ல போட்டு வளத்தேன்" என்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டே தலையாட்டுவேன்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். என் தங்கைக்கு ஒரு நேர்காணல் வந்தது.

தங்கை கட்டட வரைபடம் போடுகிறவள். குழந்தை வயிற்றில் இருந்தபோதே வேலையை விட்டவள், ஒன்றரை வருடமாக வீட்டில் இருக்கிறாள். குழந்தைக்குப் பதினொரு மாதம், வீட்டில் கூப்பிடுகிற பேர் பட்டாணி. தங்கை வீட்டுக்காரர் ரயில் ஓட்டுகிறவர்; காலையில் ஓர் ஊரிலும் மாலையில் வேறோர் ஊரிலும் இருப்பார், வீட்டில் மட்டும் இருக்க மாட்டார். இதற்கு முன்னால் வந்த ஒரு நேர்காணலில், இவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது பட்டாணி ஒரு கத்துக் கத்தியிருக்கிறாள். எதிரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "வீட்ல பாத்துக்க ஆள் இல்லையாம்மா?" என்று கேட்டாராம். அத்தோடு சரி, அவர்களிடமிருந்து போனே வரவில்லை.

இந்த முறை விடக்கூடாது என்று எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் பின்னறைக்கு நல்ல கதவு, உள்ளே தாழ்ப்பாள். குழந்தையை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் போன வாரம் அதே பட்டாணியின் பொம்மைக் காரில் கால் வைத்து வழுக்கி விழுந்ததில் என் வலது கையில் மாவுக்கட்டு. எனக்குத் துணையாக லீவு போட்டு வீட்டில் இருந்த என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நீ போய் நிம்மதியாப் பேசும்மா. என் கையில இருந்தா அழவே மாட்டா."

"நாப்பது நிமிஷம் ஆகும் அத்தான்."

"நாலு மணி நேரம் ஆகட்டுமே!"

ஒன்பதரைக்குப் பாலைக் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, துணியை மாற்றி, பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தூங்கவும் வைத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு பின்னறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள் தங்கை. கூடத்துக் கட்டிலில் பட்டாணி கையிரண்டையும் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு அசந்து தூங்குகிறாள். இனி என்ன வேலை? ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் இந்த இனத்தால் அது ஒன்று மட்டும் முடியாது. நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புகிறேன், மனிதர் தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்!

"ஏங்க, எதுக்கு எடுத்தீங்க? தூங்கிட்டுத்தானே இருந்தா!"

"தோள்ல போட்டா இன்னும் நல்லாத் தூங்குவா. உனக்குத் தெரியாது."

பட்டாணி ஒரு கண்ணைத் திறந்தாள். அப்புறம் இன்னொன்றை. அம்மா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மீசை. வழக்கமாகக் கிடைக்கும் அந்த ஒரு நிமிடத் திகைப்பைக்கூட அவள் அன்றைக்குக் கொடுக்கவில்லை.

அவரும் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். நாக்கைச் சொடுக்கினார், சாவிக்கொத்தைக் குலுக்கினார், ஜன்னலோரம் கொண்டுபோய்க் காக்காய் காட்டினார், காக்காய் பறந்துபோனதும் அது உட்கார்ந்திருந்த கம்பியைக் காட்டினார், லிஃப்ட் கதவு மூடுகிற சத்தத்தை வாயாலேயே போட்டார். மூன்று நிமிடத்துக்கு மேல் பழக்கமில்லாத சரக்கு, நாலாவது நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. முனகல் அழுகையாகிக்கொண்டிருந்தது. பின்னறைக் கதவு நல்ல கதவுதான், ஆனாலும் மரம்தானே.

"பசிக்குது போல" என்றார்.

"இப்பத்தான் பால் குடிச்சா."

"வயித்துல காத்து."

"ஏப்பம் விட்டாச்சு."

"அப்ப, அம்மா வேணுமாம்."

"யாரு சொன்னா? அவளுக்கு இன்னும் பேச்சே வரல!"

குழந்தையோடு நேராகப் பின்னறைக் கதவுக்குப் போனார். தட்டுவதற்கு விரலையும் மடித்துவிட்டார். நான் ஓடிப்போய்க் கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன், கட்டுப் போட்ட கையோடு.

எங்கள் மூத்தவனுக்கு எட்டு மாதமாக இருந்தபோது நான் தலையில் சோப்பு நுரையோடு நிற்கையில் இதே விரல்கள் குளியலறைக் கதவைத் தட்டின. "அம்மா வேணுமாம்." ஈரத்தோடு கதவைத் திறந்து வாங்கிக்கொண்டேன். ஒரு நாள் இல்லை, எத்தனையோ நாள். அந்தக் காலத்தில் நான் ஒரு தடவைகூட முழுசாகக் குளித்ததாக ஞாபகம் இல்லை. அப்போது வராத கோபம் இப்போது வந்தது.

"தட்டினீங்கன்னா தெரியும் சேதி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை. சத்தம் வராத குரலில், "என்னால முடியலடி" என்றார்.

பதினெட்டு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்கும்தான் அப்ப முடியல" என்றேன். "யார் கதவைப் போய்த் தட்டினேன்?"

குழந்தையை அணைத்துக்கொண்டே அப்படியே குந்தினார். பட்டாணி அழுகையை நிறுத்தினாள்! மெதுவாக எழுந்தார். அவள் சத்தம் போடவில்லை. நின்றார், உடனே உதடு பிதுங்கியது. மறுபடி குந்தினார், உதடு உள்ளே போய்விட்டது. புரிந்துகொண்டார் மனிதர். பட்டாணிக்கு வேண்டியது மேலே போவது, கீழே வருவது; எந்த மாடியிலும் நிற்கக் கூடாது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்த்தவர் என் கூடத்தில் லிஃப்டாகவே ஆகிவிட்டார்.

எண்ணிக்கொண்டே வந்தேன். அறுபதுக்கு மேல் பாவமாக இருந்தது, விட்டுவிட்டேன். முழங்கால் இரண்டும் சொடக்குப் போட ஆரம்பித்தன. நடுவில் பட்டாணி அவர் சட்டையை மார்பிலிருந்து வயிறு வரைக்கும் நனைத்தாள். அவர் மூக்கு ஒரு தரம் சுருங்கியது, அவ்வளவுதான். கண் மட்டும் அந்தக் கதவிலேயே இருந்தது. நான் கொஞ்சம் நகர்ந்தால் தட்டிவிடுவார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் உள்ளே இருந்து தங்கையின் குரல் கேட்டது. இந்த ஆபீஸ்காரர்களும் குழந்தையைப் பற்றி அதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

"குழந்தையா? இங்கதான் சார் இருக்கா. எங்க அத்தான் பாத்துக்கிறார். அவர் கையில இருந்தா அழவே மாட்டா."

அவர் பாதி குந்திய நிலையில் அப்படியே நின்றுவிட்டார். முகத்தைப் பார்க்க வேண்டுமே! தான் ஊரெல்லாம் அளந்துவிட்டதை ஒருத்தி உண்மை என்று நம்பி, அதன் மேல் தன் பிழைப்பைத் தூக்கி வைத்துவிட்டாள். பட்டாணியின் உதடு பிதுங்கியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே எழுந்தார். கீழே போனார். அதற்கப்புறம் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை.

நாற்பது நிமிடம் என்பது ஐம்பத்திரண்டாயிற்று. கேட்ட கேள்விக்கெல்லாம் தங்கை பிரமாதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கேள்விக்காவது முழிக்கக் கூடாதா என்று அவர் மனசுக்குள் ஏங்கியிருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு வழியாகத் தாழ்ப்பாள் திறந்தது. வெளியே வந்தவள் கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. "திங்கக்கிழமையே வரச் சொல்லிட்டாங்கக்கா!" என்றவள், அவர் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "ரொம்ப தேங்க்ஸ் அத்தான், அவளைக் கொடுங்க."

"ஸ்ஸ்!" என்றார் இவர். "இப்பத்தான் தூங்கினா. யாரும் தொடாதீங்க."

ஈரச் சட்டையும் நடுங்கும் காலுமாக அவர் நின்ற அந்த நிலையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. என் பழைய கோபம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. பாதி போயிருக்கலாம்.

மூன்று நாள் அவரால் படி ஏற முடியவில்லை. லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படி எதற்கு என்று நினைக்காதீர்கள். அவரைக் கூப்பிடுகிற கட்டடத்தில் எல்லாம் லிஃப்ட் ஓடாது, அதனால்தானே கூப்பிடுகிறார்கள்!

சரி, திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்த இனமாவது திருந்துவதாவது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு வீட்டில் அவர் சொன்ன கதையில் ஐம்பத்திரண்டு நிமிடம் ஒன்றரை மணி நேரமாகிவிட்டது. "குழந்தைங்கள அமைதியாக்க ஒரு முறை இருக்கு, நான் கண்டுபிடிச்சது" என்று நடுக்கூடத்தில் குந்தி எழுந்து வகுப்பு வேறு நடத்தினார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டுக் குழந்தை வீறிட்டபோது அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர், அதன் அம்மா தட்டில் இருந்ததைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வந்தார்.

இதையெல்லாம் படித்துச் சிரித்தீர்கள், சந்தோஷம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது உங்கள் மனசு என்ன சொல்லிற்று? குழந்தையை இடது தோளில் போட்டிருக்க வேண்டும், முதுகை இப்படித் தடவக் கூடாது, காதில் காற்றுப் பட்டிருக்கும், நானாக இருந்தால் இரண்டே நிமிடத்தில் தூங்க வைத்திருப்பேன் என்று ஒரே ஒரு தடவையாவது சொல்லவில்லையா? வெட்கப்படாதீர்கள், ஒத்துக்கொள்ளுங்கள். நமக்கும் ஆள் தேவைப்படுகிறது. வருகிற செவ்வாய்க்கிழமை காலை என் மாவுக்கட்டைப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பட்டாணியை என்னிடம் விட்டுவிட்டுத் தங்கை புது ஆபீசில் இருப்பாள், இவர் யார் வீட்டு லிஃப்டுக்கோ போயிருப்பார். ஒன்பதரைக்கு வந்துவிடுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.