மேளமா, நடையா?

என் மனிசன் வருசத்துக்கு ஒரு பெரிய தீர்மானம் எடுப்பார். போன வருசம் தேனீ வளர்ப்பது என்று தீர்மானித்தார். தேனீ வந்தது. மூன்று நாள் இருந்து பார்த்தது. எங்கள் குடும்பம் அதற்குச் சரிவரவில்லை போலிருக்கிறது. நாலாம் நாள் அவருடைய மூக்கு நுனியில் ஒரு முத்திரை குத்திவிட்டுப் போய்விட்டது.

இந்த வருசத் தீர்மானம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, புட்டும் சம்பலும் சாப்பிடும்போது வந்தது.

"கேதீஸ், நான் மேளம் வாங்கப் போறன்."

கையில் எடுத்த புட்டைத் திரும்பக் கோப்பையில் போட்டேன். நான் சின்னச் சின்ன விசயத்துக்கே பயப்படுகிறவள். காகம் கத்தினால் ஆர் வரப்போகிறார்களோ என்று பயம். கத்தாவிட்டால் காகத்துக்கு என்ன வருத்தமோ என்று பயம். மேளம் என்றால் சும்மாவா?

"ஆருக்கு மேளம்? ஆரு வீட்டுக் கலியாணம்?"

"கலியாண மேளம் இல்ல கா. ரீவியில கொழுவி அடிக்கிற மேளம். கேம். நௌஷாட்ட கடைக்கு வந்திரிக்கி. கம்சாயினிதான் கண்டு வந்து சொன்னாள்."

கம்சாயினி எங்கள் ஒரே மகள். ஏ.எல். சோதினை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் இருக்கிறாள். கோப்பையை விட்டுத் தலை நிமிர்த்தாமல், "நான் சும்மா புதினத்துக்குச் சொன்னன்" என்றாள்.

"இந்த வயசில உங்களுக்கு ஏன் மேளம்?"

"எக்சசைஸ்."

இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. போன மாதம் கிளினிக்கில் டொக்டர் இவருடைய சீனி அளவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். இவரைப் பார்த்தார். கண்ணாடியைத் திரும்பப் போட்டார். "நாளைக் காலையில இருந்து முக்கால் மணித்தியாலம் நடக்கணும்" என்றார்.

என் மனிசனுக்கு வேலை வாழைச்சேனைத் துறைமுகத்தில், வள்ளக்காரருக்கு ஐஸ் கொடுக்கிற இடத்தில். நாள் முழுக்கக் கதிரையில் இருந்து எழுதுகிற வேலை. ஐஸுக்குப் பக்கத்திலேயே இருந்தும் சூடு குறையாத மனிசன். அவருடைய நடை என்பது கட்டிலிலிருந்து கதிரைக்கு, கதிரையிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு. எதிர்க் கடையில் தீப்பெட்டி வாங்கவும் மோட்டார் சைக்கிள்தான்.

என் மாமனாருக்கும் இதே சீனி வருத்தம். கடைசியில் ஒரு காலை எடுத்தார்கள். நான் இதை வீட்டில் வாய் திறந்து சொல்வதில்லை. ஆனால் பின்னேரத்தில் இவர் கதிரையில் கண்ணயர்ந்தால் நான் பூனை மாதிரிப் போய் இவருடைய கால்விரல்களை எண்ணிப் பார்ப்பேன். பத்தும் இருந்தால்தான் எனக்குத் தேத்தண்ணி இறங்கும்.

"டொக்டர் நடக்கச் சொன்னார். அடிக்கச் சொல்லல்ல."

"நடக்கிறதும் உடம்பை ஆட்டுறதுதான். அடிக்கிறதும் உடம்பை ஆட்டுறதுதான். வீட்டுக்குள்ளயே ஆட்டினா நாய் துரத்தாது."

"அந்தச் சத்தத்துக்குச் சுவர் வெடிச்சா?"

"பூசுவம்."

"காது அடைச்சா?"

"நல்லது. உன்ட கதை கேட்காது."

அன்று பின்னேரமே ஓட்டமாவடிக் கடையிலிருந்து நௌஷாட் ஓட்டோவில் பெட்டியோடு வந்து இறங்கினார். என் முகத்தைப் பார்த்தார்.

"அக்கா, கவலப்படாதீங்க. இப்ப ஒண்டும் தர வேணாம். ஒரு கிழமைக்கு வெச்சு அடிச்சுப் பாருங்க. புடிச்சா எடுங்க. புடிக்காட்டி அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிச்சு வந்து நானே தூக்கிட்டுப் போறன்."

ஆக, முடிவெடுக்க ஒரு கிழமை.

அந்த மேளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிளாஸ்ரிக் மேளம். இரண்டு கம்பு. ரீவியில் ஒரு கோட்டின் மேல் சிவப்பு உருண்டையும் நீல உருண்டையும் உருண்டு வரும். வட்டத்துக்குள் வந்த அதே நேரத்தில் அடிக்க வேண்டும். சிவப்புக்கு நடுவில், நீலத்துக்கு ஓரத்தில். மூலையில் ஒரு பூனை நிற்கும். சரியாக அடித்தால் அது சிரித்து ஆடும். பிழைத்தால் அழும்.

இவர் மேளத்துக்கு முன்னால் கதிரையைப் போட்டார். இருந்தார். ஓம், கதிரையில் இருந்தார்! வலது பக்கம் பிளேன்ரீ, இடது பக்கம் விசுக்கோத்து. அடிக்கத் தொடங்கினார். பூனை அழத் தொடங்கியது. ஒரு பூனை அவ்வளவு அழுது நான் கண்டதில்லை.

"உருண்டை போய் ஒரு யுகமாகுது. இப்பதான் அடிக்கிறீங்க."

"மிசின் பிந்துது."

மிசின் பிந்தவில்லை. இவர்தான் எதற்கும் பிந்துகிறவர். எங்கள் கலியாணத்துக்கே முகூர்த்தம் முடிய ஐந்து நிமிசம் இருக்கும்போதுதான் வந்து சேர்ந்தார். அன்றைக்குப் பஸ் பிந்தியதாம்.

இரண்டாம் நாள் பக்கத்து வளவுச் சீதேவி அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தார். நல்ல சேலை. கையில் வெற்றிலை வட்டா.

"என்ன கா கேதீஸ், கம்சாயினிக்கு மாப்பிள்ளை பார்த்திட்டியளாம்? மேளக்காரர் ரெண்டு நாளாப் பழகிறாங்க. வேலிக்கு அங்கால இரிக்கிற எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்லயே!"

"மேளக்காரர் இல்லக்கா. இவர்தான். எக்சசைஸ் செய்றாராம்."

சீதேவி அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார். விசுக்கோத்தைப் பார்த்தார்.

"வாய்க்கு எக்சசைஸ் எண்டாச் சரிதான்" என்றார்.

திங்கட்கிழமை இவர் வேலைக்குப் போனபிறகு கம்சாயினி ஒரு பாட்டைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். நான் குசினி வாசலில் திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, உங்கட தேங்காய் என்னைவிடச் சரியாத் தாளம் அடிக்குது."

"என்ன பிள்ள பேய்க்கதை."

"இஞ்ச வந்து ஒருக்கா அடிச்சுப் பாருங்க."

"ஐயோ, உடைஞ்சா? நௌஷாட் தம்பி என்ன நினைக்கும்?"

"அப்பா அடிச்சே உடையல்ல."

கம்பை எப்படிப் பிடிப்பதென்று எனக்குத் தெரியவில்லை. என் கைக்குத் தெரிந்தமாதிரிப் பிடித்தேன், உலக்கை பிடிக்கிற மாதிரி, நட்டுக்கு நேராக நிமிர்த்தி. எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அம்மா இடியப்பம் அவித்து விற்றார். நானும் அக்காவும் மா இடித்தோம். ஒரு உரல், இரண்டு உலக்கை. அக்காவின் உலக்கை மேலே போகும்போது என்னுடையது கீழே வரவேண்டும். ஒரு இமைப்பொழுது பிந்தினால் உலக்கையோடு உலக்கை முட்டும். அடுத்ததாக அக்காவின் கை என் முதுகோடு முட்டும். நாலு வருசம் இப்படி. இந்தச் சிவப்பு உருண்டை என்ன, அக்காவைவிடப் பொல்லாததா?

அடித்தேன். பூனை கண்ணைத் துடைத்தது. சிரித்தது. பிறகு தலைகீழாக நின்று ஆடியது.

"அம்மா! இந்தப் பூனைக்குப் பல்லு இரிக்கெண்டு இண்டைக்குத்தான் காணுறன்!"

"அப்பாக்குச் சொல்லிப்போடாத."

"சத்தியமாச் சொல்ல மாட்டன். நீங்க ஒவ்வொரு நாளும் பழகுங்க. குசினி வேலையை நான் பார்க்கிறன்."

சொன்னபடியே செய்தாள். கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். பிளேன்ரீக்குச் சீனி தாராளமாகப் போட்டுத் தந்தாள். விசுக்கோத்துப் பைக்கற்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள். பிள்ளைக்கு என்ன பாசம் என்று எனக்குக் கண் கலங்கியது.

வியாழக்கிழமை பின்னேரம் இவர் தீர்ப்புச் சொன்னார். "நாளைக்கு நௌஷாட் வந்தா, மேளம் எங்களுக்கு எண்டு சொல்லப் போறன்."

நான் பதறத் தொடங்கினேன். நான் பதறுவதை இவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. இருபத்தொரு வருசமாகக் கண்டு பழகியது.

"ஐயோ வேணாம். அந்தப் பூனை அழுறதைப் பார்க்க எனக்கு நெஞ்சு படபடக்குது. உங்களுக்குத் தாளம் வராதாக்கும்."

"எனக்கா? தாளம் எண்டா என்னெண்டு உனக்குத் தெரியுமா கா? நீ அடிச்சா அந்தப் பூனை வீட்டை விட்டே ஓடிரும்."

"அப்ப நாளைக்கு நௌஷாட் தம்பிக்கு முன்னால ரெண்டு பேரும் அடிப்பமா? நீங்க வெண்டா மேளத்தை வாங்குங்க. நான் வாய் திறக்கல்ல."

"நீ வெண்டா?"

"நான் எங்க வெல்லுறது. சும்மா ஒரு கதைக்கு... நீங்க காலையில ஓட்டமாவடிப் பாலம் வரைக்கும் நடந்துட்டுக் கிறுகி வாறது."

இவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த ஒரு கிழமையில் அவர் செய்த எக்சசைஸ் அதுதான்.

"ஒரு நாள் என்ன, ஒரு வருசம் நடக்கிறன்! மோட்டார் சைக்கிள் சாவியையும் உன்ட கையில தாறன்!"

"அப்பா, திருப்பிச் சொல்லுங்க, போன்ல பதியுறன்" என்றாள் கம்சாயினி. இவர் தொண்டையைச் செருமி, கையை உயர்த்தி, மேடையில் பேசுகிற மாதிரி இரண்டு தரம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நௌஷாட் வந்தார். அழைக்காமலே சீதேவி அக்காவும் வந்தார். பாட்டை இவரே தெரிந்தெடுத்தார். இருப்பதற்குள் ஆகக் கடினமானது. எனக்கு அவமானம் முழுதாகக் கிடைக்கவேண்டும் என்ற நல்ல மனம்.

முதலில் இவர். உருண்டைகள் மழை மாதிரி வந்தன. மழை விட்டபிறகு இவர் குடை பிடித்தார். பூனை அழுது களைத்து நிலத்தில் படுத்துவிட்டது. நூற்றுக்கு நாற்பத்தொன்று.

"மிசின் பிந்துது" என்றார், நௌஷாட்டைப் பார்த்து.

பிறகு நான். கம்பைப் பிடித்தேன்.

"அக்கா, கம்ப அப்பிடிப் புடிக்கிறல்ல" என்றார் நௌஷாட்.

"விடு தம்பி" என்றார் சீதேவி அக்கா. "எனக்கு இந்தப் பிடி தெரியும்."

பாட்டுத் தொடங்கியது. கண்ணுக்குள் அக்காவின் உலக்கை. நடுவில், ஓரத்தில், நடுவில், நடுவில். பூனை எழும்பியது. குதித்தது. வாலைப் பிடித்துச் சுற்றியது. தொண்ணூற்றெட்டு. அந்த இரண்டும் ஏன் போனது தெரியுமா? இடையில் ஒருக்கா இவருடைய முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இவர் என் கம்பை வாங்கி முகர்ந்து பார்த்தார். மேளத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"அப்ப அண்ணன் தோத்திட்டாரு" என்று நௌஷாட் பெட்டியை எடுத்தார். "நான் தூக்கிட்டுப் போறன்."

"வையுங்க தம்பி" என்றேன்.

இவர் நிமிர்ந்தார். "நீதானே வேணாம் எண்டாய்?"

"நீங்க வெண்டா நீங்க வாங்குறது எண்டுதானே கதை. நான் வெண்டா நான் வாங்கக் கூடாதெண்டு ஆரும் சொல்லல்லயே. கம்சாயினி, போன்ல போடு பிள்ள."

கம்சாயினி போட்டாள். இவருடைய குரல் இரண்டு தரம் கம்பீரமாக ஒலித்தது. அதில் அப்படி ஒன்றும் இல்லை. என் சீட்டுப் பணத்தில் மேளம் எங்கள் வீட்டிலேயே தங்கியது.

மறுநாள் காலை, வெளிநாட்டுக்குப் போகிறவர் மாதிரிப் படலையில் நின்று எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். வந்ததும் மேளத்தைத்தான் பார்த்தார்.

"நான் ஒரு பாட்டு அடிக்கட்டா?"

"பாலத்தில நிண்டு படம் எடுத்து அனுப்பினாத்தான் பாட்டு. ஒரு நடைக்கு ஒரு பாட்டு."

இரண்டு கிழமை ஒழுங்காகப் படம் வந்தது. பிறகு ஒருநாள் படத்தில் வாவிக்குள் ஒரு தடியில் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றது. அடுத்த நாளும் அதே தடியில், அதே கொக்கு, அதே பக்கம் கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றது.

"கொக்குக்குக் கழுத்துப் பிடிப்பா?" என்று கேட்டேன்.

மறுபேச்சில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மூன்று மாதம் போனது. இவருடைய களிசான் இடுப்பில் நிற்க மறுத்தது. கிளினிக்கில் டொக்டர் அளவைப் பார்த்துவிட்டு எழும்பி நின்று இவருக்குக் கை கொடுத்தார். எனக்கு வானத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது. பத்து விரலும் இனிப் பத்திரம். பயப்படுவதற்கு ஒன்றுமே இல்லையே என்று முதல்முறையாகப் பயந்தேன்.

அப்போதுதான் எங்களோடு வந்திருந்த கம்சாயினி வாய் திறந்தாள்.

"டொக்டர், அம்மாவையும் ஒருக்காப் பாருங்க. மூணு மாசமா விடிஞ்சாப் பொழுதுபட்டா மேளத்துக்கு முன்னால கதிரைதான். பிளேன்ரீயும் விசுக்கோத்தும்தான்."

டொக்டர் என் சீனி அளவையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைத் திரும்பப் போட்டார்.

இப்போது காலையில் நாங்கள் இரண்டு பேரும் நடக்கிறோம். இவர் முன்னால். நான் பின்னால். "பிந்துறாய் கா, மிசினைப் பார்" என்று வழிநெடுகச் சிரிப்பு. நேற்றுப் பாலத்தில் நின்று மூச்சு வாங்கும்போது திடீரென்று சிரிப்பை நிறுத்தினார்.

"இஞ்ச கேதீஸ், நௌஷாட்ட கடைக்கு மேளம் வந்திரிக்கி எண்டு முதல்ல ஆரு வந்து சொன்னது?"

"கம்சாயினி."

"உனக்கு அடிக்கப் பழக்கினது?"

"கம்சாயினி."

"விசுக்கோத்து?"

பைக்கற்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த கை என் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு பேரும் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் கைக்குள் போன் கிணுங்கியது. வீட்டிலிருந்து மகள் அனுப்பியிருந்தாள்:

"படம் இன்னும் வரல்லயே? ஒரு நடைக்கு ஒரு பாட்டு, ரெண்டு பேருக்கும் சேர்த்து."