கண்டக்டர் அன்பரசுவின் இல்லாத வயிறு

நடுநாட்டுப் பேருந்து வாரியத்தின் கடலூர்க் கிளை மேலாளர் தட்சிணாமூர்த்தி ஒருநாள் பேருந்தில் ஏறினார். அதிகாரிகள் பேருந்தில் ஏறுவது ஊருக்கு நல்லதில்லை. ஆனால் அன்றைக்கு அவருடைய ஜீப் ஆலப்பாக்கத்தில் படுத்துவிட்டது. பின்னால் வந்த சிதம்பரம் வண்டியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பொதுமக்களைப் போலவே நின்றார்.

அந்த வண்டியில் ஜன்னல் ஷட்டர் பாதிக்கு மேல் இறங்காது. மழை வந்தால் உள்ளேயும் குடை பிடிக்க வேண்டும். கடைசி சீட்டில் ஒரு ஆணி உண்டு. வேட்டி கிழியாமல் எழுந்து போனவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இதற்கெல்லாம் மனு எழுதி எழுதி ஜனங்கள் ஓய்ந்துபோய்விட்டார்கள். மேலாளர் கண்ணுக்கு இதில் ஒன்றும் தெரியவில்லை. கண்டக்டர் அன்பரசு டிக்கெட் கிழித்துக்கொண்டே கூட்டத்துக்குள் குறுக்குவாட்டில் நகர்ந்து வந்தார். அவருக்கு முன்னால் வந்த அவருடைய வயிறு, மேலாளரை மெதுவாக ஓரங்கட்டி, யாரோ வைத்திருந்த கருவாட்டு மூட்டையின்மேல் உட்கார வைத்தது.

"கொஞ்சம் உள்ள தள்ளிக் குந்துங்க சார்," என்றார் அன்பரசு. மேலாளர் புதிதாக வந்தவர். ஆள் யாரென்று அன்பரசுக்குத் தெரியாது.

மறுவாரம் டெப்போவில் சுற்றறிக்கை ஒட்டினார்கள்.

"பேருந்தின் நடைவழியானது கட்டணம் செலுத்தும் பயணிகளுக்கு மட்டுமே உரியதாகும். மேற்படி நடைவழியில் நடத்துநர்களின் வயிறு முன்னறிவிப்பின்றிப் பிரவேசிப்பது வாரியத்தின் மேலான கவனத்துக்கு வந்துள்ளது. எனவே, மூன்று மாதத்துக்குள் வயிற்றைக் களையாத நடத்துநர்கள் கல்வராயன்மலை நைட் ஆல்ட் வண்டிகளுக்கு மாற்றப்படுவார்கள். வாரியம் அங்கீகரித்த சிகிச்சையை எடுத்துக்கொள்பவர்கள், அன்றைய தேதி முதற்கொண்டு வயிறு இல்லாதவர்களாகக் கருதப்படுவார்கள்."

மற்ற கண்டக்டர்கள் படித்துவிட்டுச் சிரித்தார்கள். அன்பரசுக்குச் சிரிப்பு வரவில்லை. நைட் ஆல்ட் வண்டி சாயங்காலம் மலை ஏறினால் அங்கேயே தூங்கி, விடிந்துதான் இறங்கும். வீட்டில் கலைமணிக்கு இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆகியிருந்தது. ராத்திரி எழுந்து நாலடி போக வேண்டுமென்றால் புருஷன் கைகொடுத்துத் தூக்க வேண்டும்.

"நைட் ஆல்ட்டுன்னா டெய்லியுமா மாமா?" என்று கட்டிலில் இருந்தபடி கேட்டாள் கலைமணி.

"ஒருநாள் விட்டு ஒருநாள்."

"அப்ப நானும் ஒருநாள் விட்டு ஒருநாள் எழுந்துக்கறேன்னு என் முட்டிகிட்ட எழுதிக் குடுத்துடு."

"பக்கத்து வூட்டு வெண்மதியக் கூப்பிட்டுக்கயேன்."

"அவ இடுப்பப் புடிச்சிக்கிட்டு என்னக் கூப்பிடறா. நீ வயித்தக் கொறைச்சிக்கிட்டு ஒழுங்கா வூட்டுக்கு வந்து சேரு."

அன்பரசு முயற்சி செய்யாமல் இல்லை. விடியற்காலையில் சில்வர் பீச்சில் நடந்தார். நடந்த பசிக்கு அங்கேயே சாப்பிட்டார். சர்வீஸில் சேர்ந்த நாளாக, ஒரு முனையில் டீயும் மறுமுனையில் பரோட்டாவுமாக வளர்ந்த வயிறு அது. பணிமூப்பு உள்ள எதையும் லேசில் வெளியே அனுப்ப முடியாது.

கடைசியில் மேலாளரையே போய்ப் பார்த்தார்.

"நடக்கறது, பட்டினி கெடக்கறது எல்லாம் பழைய முறை அன்பரசு," என்றார் தட்சிணாமூர்த்தி. "இப்ப கொழுப்ப உறைய வைக்கறாங்க. கத்தி கெடையாது, ரத்தம் கெடையாது. சிதம்பரத்துல பாதிப்பேரு பண்ணிக்கிட்டாங்க. நாகரிகம் எங்கயோ போயிடுச்சு, நாமதான் டெப்போவுலயே கெடக்கறோம்."

"வாரியம் அங்கீகரிச்ச எடம் எது சார்?"

"ஒண்ணே ஒண்ணுதான். சிதம்பரம் ரயிலடி ஸ்டாப்பிங் பக்கத்துல. என் மச்சான் அஜய் நடத்தறாப்ல. அது தற்செயல்."

பனித்துளி உடலழகு மையத்தில் உட்கார இடமில்லை. மனை விற்கிறவர் ஒருவர், வைகாசியில் கல்யாணம் வைத்திருந்த மாப்பிள்ளை ஒருவர், சின்ன அளவில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு அதற்குத் தகுந்த உடம்பு வாங்க வந்த அம்மா ஒருவர். எல்லாரும் செல்போனில் யாரோ ஒருவருடைய வயிற்றின் முதல் படத்தையும் அடுத்த படத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அஜய் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தான்.

"நீங்க டாக்டருங்களா?" என்று கேட்டார் அன்பரசு.

"டாக்டர் செவ்வாக்கெழம வருவாரு. நான் குளிர்ச்சி செக்ஷன். முதுநகர்ல எங்களுக்கு ஐஸ் பாக்டரி. எறாவுக்கு எவ்ளோ, வஞ்சிரத்துக்கு எவ்ளோன்னு எனக்குக் கைக்கணக்கு. உங்கள வஞ்சிரம்னு வச்சிக்கறேன், கவலப்படாதீங்க."

"வலிக்குங்களா?"

"வலின்னு சொல்லக் கூடாது. அசௌகரியம். பாரத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு. இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

அன்பரசு கண்ணாடியை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அஜய் விரல் வைத்த இடத்தில் போட்டார்.

வயிற்றின்மேல் ஒரு பசையைத் தடவி, சதுரமான ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்தார்கள். மெஷினைப் போட்டதும், பசித்த கன்று மடியை முட்டி இழுப்பதுபோல அது வயிற்றைக் கவ்வி உள்ளே இழுத்தது. அப்புறம் குளிர் கடித்தது. அப்புறம் ஊசி ஊசியாகக் குத்தியது. அப்புறம் அந்த இடமே இல்லாமல் போனது. கிண்ணத்தை எடுத்தபோது, சிவந்துபோன செங்கல் ஒன்று அன்பரசுவின் வயிற்றிலிருந்து எழும்பி நின்றது. இத்துடன் முடிந்தது என்று அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அஜய் அவரைச் சாய்த்து, அந்தச் செங்கல்லைப் பரோட்டா மாவு பிசைவதுபோல இரண்டு கையாலும் பிசைந்தான். அன்பரசு கத்திய கத்தலில் வெளியே இருந்த மாப்பிள்ளை செருப்பைத் தேடினான்.

"ஐயோ, இதுவும் அசௌகரியமாடா?"

"இது நல்ல அசௌகரியம் சார். வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அன்றைய தேதி முதற்கொண்டு அன்பரசு வயிறு இல்லாதவராகக் கருதப்பட்டார். மலை மாற்றல் பட்டியலில் இருந்து அவர் பெயரை அடித்துவிட்டார்கள். கலைமணி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கச் சொன்னாள்.

ஆனால் வயிறு மரத்துப்போயிருந்தது. மேலே சூடான டீ கொட்டினாலும், சட்டை நனைந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருநாள் புதுச்சத்திரம் வந்ததும் மீன்காரி கொளஞ்சியம்மாள் அவர் முதுகைத் தட்டினாள்.

"கண்டக்டர் தம்பி, கொஞ்சம் அசையாம நில்லு. கூடைய எடுத்துக்கறேன்."

"எந்தக் கூடை?"

அன்பரசு குனிந்து பார்த்தார். ஐஸும் மீனுமாக நிறைந்த அன்னக்கூடை ஒன்று அவர் வயிற்றின்மேல் உட்கார்ந்திருந்தது. முதுநகரில் வைத்தாளாம்.

"நீ ஒண்ணும் சொல்லலியா, சரி, நல்ல மனுசன்னு நெனச்சேன்," என்றாள் கொளஞ்சியம்மாள். விவரத்தைக் கேட்டதும் கூடையைத் தலையில் ஏற்றியபடியே சிரித்தாள். "ஐஸ் வச்சா கொழுப்பு கரையும்னு எவன் சொன்னான்? நானும்தான் இம்மாங் காலமா ஐஸ் வைக்கறேன், எம் மீனு ஒண்ணுகூட எளச்சிப் போனதில்ல தம்பி."

வண்டி மொத்தமும் சிரித்தது. அன்பரசு விசில் ஊதினார்.

மரப்பு விலக விலக, டிக்கெட்டில் ஓட்டை போடுகிற மாதிரி உள்ளே யாரோ சுருக் சுருக்கென்று குத்தினார்கள். பிறகு வயிறு வளர ஆரம்பித்தது. பழைய மாதிரி உருண்டையாக வளரவில்லை. கிண்ணம் கவிழ்ந்த இடம் மட்டும், கிண்ணத்தின் அளவுக்கே, நாலு மூலையும் விளிம்புமாக, கெட்டியாக முன்னால் வந்தது. பலாப்பழம் வைத்திருந்த மனுஷர் டிரங்குப் பெட்டி வைத்துக்கொண்ட மாதிரி ஆனார்.

அஜய் தட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு மரியாதை வந்தது.

"சார், இது ஆயிரக்கணக்குல ஒருத்தருக்குத்தான் வரும். பேரு ரொம்ப நீளம், டாக்டருக்கே பாத்துதான் சொல்ல வரும். சாவ வேண்டிய கொழுப்பு சாவாம பெருத்துடுது. பாரத்துல அடியில பொடி எழுத்துல போட்டிருக்கமே."

"இதுக்கு இப்ப இன்னா பண்றது?"

"இன்னொரு தடவ ஐஸ் வச்சா ஜாஸ்தியாவும். ஆபரேஷன்தான்."

"கத்தி கெடையாதுன்னு சொன்னீங்களேப்பா."

"இங்க கெடையாது சார். அது வேற ஆஸ்பத்திரி."

அன்பரசு மருத்துவ விடுப்புக்கு மனு எழுதிக்கொண்டு மேலாளரிடம் போனார். மேசைக்கு அருகே வந்து வணக்கம் வைத்தபோது வயிற்றின் மூலை இடித்து, மேலாளரின் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து கோப்புகள் நனைந்தன.

"காத்து ஜாஸ்தி," என்று சொல்லி மேலாளர் ஃபேனை நிறுத்தினார். மனுவைப் படித்தார். "எந்த வயித்துக்கு ஆபரேஷன்?"

"இந்த வயித்துக்குத்தான் சார்."

"உங்களுக்கு வயிறு இல்லியே. சிகிச்சை எடுத்த அன்னிக்கே இல்லாதவரா ஆயிட்டீங்க. மேல எழுதி, அவுங்களும் ஒத்துக்கிட்டு, பாராட்டுக் கடிதமே வந்திருக்கு. இல்லாத வயித்துக்கு லீவு குடுத்தா ஆடிட்ல என் வயித்துல அடிப்பான்."

"இதோ நிக்குது சார். தொட்டுப் பாருங்க."

"தொட்டுப் பாக்க எனக்கு அதிகாரம் இல்ல. கருதத்தான் அதிகாரம்." தட்சிணாமூர்த்தி குரலைத் தணித்தார். "இங்க பாருங்க அன்பரசு. வயிறு இருக்குன்னு நீங்க எழுதிக் குடுங்க, நான் ஏத்துக்கறேன். லீவும் உண்டு, ஆபரேஷனும் உண்டு. ஆனா வயிறு உள்ள நடத்துநர் எங்க வேல பாக்கணும்னு சுற்றறிக்கை சொல்லுது? லீவு முடிஞ்சதும் நேரா மலைக்குத்தான். யோசிச்சுச் சொல்லுங்க."

அன்பரசுக்குக் கலைமணியின் கட்டில் கண்ணில் வந்தது. இருட்டில் அவள் சுவரைத் தடவுகிற மாதிரியும் வந்தது. வயிறு உள்ளே குத்தியது.

"இல்ல சார்."

"எது இல்ல?"

"வயிறு."

"அப்படிச் சொல்லுங்க. மனுவ நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. போறப்ப பாத்துப் போங்க, கதவு சின்னது."

அன்று ராத்திரி கலைமணி கூப்பிட்டாள். அன்பரசு குனிந்து கைகொடுக்கப் பார்த்தார். பெட்டி இடையில் மடங்கவில்லை. கை அவள் தோள்வரைகூட எட்டவில்லை. அவள் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து வந்தாள். பிறகு வயிற்றின் இரண்டு மூலையையும் இரண்டு கையால் பிடித்து, தம் கட்டி, தானே எழுந்து நின்றுவிட்டாள்.

"உன் கையி வேர்த்து வழுக்கும் மாமா. இது நல்ல புடிமானமா இருக்கு," என்றாள். அப்புறம் அதன்மேல் உள்ளங்கையை வைத்து, "வலிக்குதா?" என்று கேட்டாள்.

"அசௌகரியம்," என்றார் அன்பரசு.

இதற்கிடையே மற்ற கண்டக்டர்களும் மலைக்குப் பயந்து ஒவ்வொருவராகப் பனித்துளிக்குப் போய்வந்தார்கள். சிலருக்குக் கொஞ்சம் குறைந்தது. சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருவருக்குத் தோல் வெந்து கருத்தது. எல்லாரும் ஒன்றுபோலவே வயிறு இல்லாதவர்களாகக் கருதப்பட்டார்கள். கடலூர்க் கிளையில் வயிறு முற்றாக ஒழிக்கப்பட்டதென்று விழா எடுத்து, மேலாளருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தேவநாதன், பி.முட்லூர் அருகே பிரேக் போட்டபோது அன்பரசுவின் மூலை தன் விலாவில் இடித்துக் கன்றிப்போனதென்று வாரியத்துக்கு ஒரு புகார் அனுப்பினார். கேட்பதற்கு ஆள் வருமென்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆச்சரியமாக, பதிலே வந்தது.

"தங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டது. மேற்படி நடத்துநருக்கு வயிறு இல்லை. ஆகவே தங்களை இடித்தது தங்களுடைய சொந்த வயிறாகவோ, சக பயணியின் வயிறாகவோ இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. இது குறித்துத் தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்."

தகுந்த நடவடிக்கை சீக்கிரமே எடுக்கப்பட்டது. நடத்துநர்களுக்கு வயிறு இல்லாதபோதும் நடைவழியில் நெரிசல் இருக்கிறதென்றால், அது யாருடைய வயிறு என்பது விளங்கிவிட்டது. எல்லா வண்டியிலும் மஞ்சள் பெயிண்டில் எழுதினார்கள்: "நிற்கும் பயணிகள் வயிற்றை எக்கி நிற்கவும்."

முதல்நாள் ஜனங்கள் படித்துவிட்டுச் சிரித்தார்கள். இரண்டாம் நாள் ஒருவர் விளையாட்டுக்கு எக்கிப் பார்த்தார். அந்த வாரம் முடிவதற்குள் வண்டியே எக்கிக்கொண்டு போனது. மூச்சுப் பிடித்தவர்கள் பேச முடியாதென்பதால் வண்டிக்குள் அமைதியும் வந்தது.

தேவநாதனும் எக்கிக்கொண்டுதான் நின்றார். புதுச்சத்திரம் தாண்டியதும் தாங்காமல் கொஞ்சம் தளர்த்தினார்.

"யோவ், போர்டு கண்ணுக்குத் தெரியல?" என்றது பின்னால் ஒரு குரல்.

"ஒருத்தன் வுட்டா எல்லாருக்கும் எடம் போவுதில்ல," என்றது இன்னொன்று.

தேவநாதன் அவசரமாக எக்கினார். அன்பரசு டிக்கெட் கொடுக்க வந்தபோது காதோரமாகக் கேட்டார்: "அந்த ஐஸ் வைக்கற எடம் ரயிலடி ஸ்டாப்பிங்தானே தம்பி?"

அன்பரசு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். அக்கம்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டைப் பித்தானைக் கழற்றி விலக்கிக் காட்டினார். நாலு மூலையும் பளபளவென்று நின்றது.

"வேணாங்க அண்ணே. என் வயித்தப் பாருங்க."

தேவநாதன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"உனக்கென்ன தம்பி, நீ பேசுவ," என்றார். "உனக்குத்தான் வயிறே இல்லன்னு எனக்கு எழுத்துலயே வந்திருக்கு. ஒரு ரயிலடி குடு."

"எனக்கும் ஒரு ரயிலடி," என்றது பின்னால் ஒரு கை.

வண்டி முழுக்கக் கை நீண்டது.