நிச்சயதார்த்தத்தன்று நொறுங்கிய மணிக்கட்டு

எலும்பு மெலிவது பெண்களுக்கு மட்டுமே வரும் சமாச்சாரம் என்பது ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. நமக்கு வருவதெல்லாம் கௌரவமான வியாதிகள்: சர்க்கரை, பிரஷர், மிஞ்சிப் போனால் ஒரு ஹார்ட் அட்டாக். நானும் அந்தக் கட்சியின் தீவிர உறுப்பினன்தான்.

என் மனைவி மல்லிகா ஒருமுறை தாம்பரம் மார்க்கெட்டில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டில் சின்ன விரிசல். மாவுக்கட்டு போட்டதும் சேர்ந்துவிட்டது. ஆனால் அப்போது எடுத்த ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறைவு என்று வந்தது. அன்றிலிருந்து செம்பாக்கத்தில் எங்கள் வீடு கண்ணாடிக்கடை ஆனது, நான் அதற்கு வாட்ச்மேன் ஆனேன். "தண்ணி கேனைத் தொடாதே!" "மொட்டை மாடிக்கா? நில்லு, நான் வரேன்!" என்று நாள் முழுக்க டியூட்டி. "நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கோங்களேன்" என்று அவள் சொன்னபோதெல்லாம் சிரித்தேன். (நம்ம பாடி ஸ்டீல் பாடியாச்சே!)

இந்த நிலையில் மகள் நித்யாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை சிறுசேரியில் அவளோடு வேலை பார்க்கும் பையன். காதல்தான். அனகாபுத்தூரில் அவன் வீட்டில் எல்லோரும் சம்மதித்த பிறகும், அவனுடைய அத்தை மட்டும் மனமில்லாமல்தான் தலையாட்டியிருந்தார். பல்லி சத்தம் போட்டால் பயணத்தையே தள்ளிப்போடும் ரகம். ஏதாவது ஏடாகூடமானால் கல்யாணமே நின்றுவிடும் என்று நித்யா பயந்துகொண்டே இருந்தாள்.

நிச்சயதார்த்தத்தன்று காலை, பரணில் இருந்த வெள்ளித் தட்டை எடுக்க மல்லிகா ஸ்டூலை இழுத்தாள். பாய்ந்து தடுத்தேன். நானே ஏறினேன், எடுத்தேன், இறங்கினேன். அதோடு விட்டிருக்கலாம். விழாமல் நடப்பது எப்படி என்று அவளுக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்தேன்.

"எல்லாம் பேலன்ஸ்தான் மல்லிகா. காலை இப்படி வெச்சு, இப்படித் திரும்பணும்..."

திரும்பிய இடத்தில் மிதியடி இருந்தது. அது ஒரு பக்கம் போக, நான் இன்னொரு பக்கம் போனேன். வலது கையை ஊன்றினேன். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

ஸ்டூலிலிருந்து விழுந்திருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். நான் தரையிலிருந்து தரைக்கு விழுந்தேன்.

எக்ஸ்ரேயைப் பார்த்த எலும்பு டாக்டர், "பைக்ல இருந்து விழுந்தீங்களா சார்?" என்றார்.

"இல்ல டாக்டர்."

"மாடிப்படி?"

"மிதியடி."

மறுபடி எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார். "நின்ன இடத்துல விழுந்து இத்தனை துண்டா போயிருக்கு, மூட்டு வரைக்கும் ஒடைஞ்சிருக்கு. எலும்போட அடர்த்தியைப் பார்த்தே ஆகணும்."

"அதெல்லாம் இவளுக்குப் பார்த்தாச்சு டாக்டர்."

"உங்களுக்குச் சொல்றேன் சார்."

மல்லிகா என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் ஆபரேஷன் என்று முடிவாகி, தற்காலிகக் கட்டோடு மண்டபத்துக்குப் போனேன். "தட்டை எங்க அண்ணன் மாத்தட்டுமே" என்றாள் மல்லிகா. பெண்ணின் அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மைத்துனரா? விடுவேனா! இடது கையால் தட்டு கொடுக்கக் கூடாது. ஆகவே கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது கை விரல்களால் தட்டைப் பிடித்தேன். உயிர் போகிற வலி. தட்டு சாய்ந்தது, தேங்காய் உருண்டு சம்பந்தியின் காலில் விழுந்தது. மனிதர் 'ஆ' என்றாரே தவிர அசையவில்லை. (அதல்லவோ எலும்பு!)

அத்தை எழுந்தார்.

"காலைல கை ஒடைஞ்சிருக்கு, இப்ப தேங்கா விழுந்திருக்கு. சகுனம் சரியில்ல. இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

நித்யாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என் வீம்பினால் என் குழந்தை எல்லோர் முன்னாலும் கண்கலங்கி நிற்கிறாள் என்பது கை வலியைவிட அதிகமாக வலித்தது.

மல்லிகா குனிந்து தேங்காயை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"அக்கா, இது சகுனம் இல்ல. கால்சியம்."

"என்னது?"

"இவருக்கு எலும்புல சத்தில்ல. டெஸ்ட் எடுங்கன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன், கேக்கல. டாக்டரே சொல்லிட்டாரு. இவர் எலும்பு வீக்கா இருந்தா என் பொண்ணு என்னக்கா பண்ணுவா?"

காலைத் தேய்த்துக்கொண்டிருந்த சம்பந்திதான் முதலில் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பிரண்டைத் தொவையல் சாப்பிடறதில்லையா நீங்க?"

கல்யாணம் பிழைத்தது. மறுபடி தட்டு மாற்றியபோது அதன் மொத்த பாரத்தையும் மல்லிகாதான் தாங்கினாள். நான் விரல் நுனியால் சும்மா தொட்டுக்கொண்டிருந்தேன். தண்ணி கேனைக்கூடத் தொடவிடாமல் நான் காவல் காத்த கை அது.

பிறகு எடுத்த ஸ்கேனில் என் எலும்பு அவளுடையதைவிட மோசம் என்று வந்தது. இப்போது இரண்டு குடும்பத்திலும் மிக்ஸி நின்றாலும், ரயில் லேட்டானாலும், "சகுனம் இல்ல, கால்சியம்" என்கிறார்கள். மாப்பிள்ளையும்தான். அனகாபுத்தூரில் அவர்கள் வீட்டுக்குப் போனால் என்னைவிடப் பத்து வயது மூத்த அந்த அத்தை, வாசல்படி இறங்கி வந்து, தெருவே பார்க்கக் கையை நீட்டுகிறார்.

"புடிச்சிக்கோங்க சம்பந்தி. மிதியடியை எடுத்துட்டேன்."

பிடித்துக்கொள்கிறேன்.